ஃபெட் கூட்டம் வரை காத்திருக்கலாமா? வீட்டுக் கடன் வட்டியை லாக் செய்யும் நேரம்

கேள்வி சுருக்கமாக இதுதான். அமெரிக்காவில் முதல் வீடு வாங்கும் ஒருவர் கேட்கிறார். வீட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. க்ளோசிங்குக்கு, அதாவது கடன் பணம் கைமாறி வீடு பெயருக்கு வரும் நாளுக்கு, இன்னும் 38 நாள் இருக்கிறது. கடன் 4 லட்சம் டாலர், 30 வருட நிலையான வட்டி, இன்று சொல்லும் விகிதம் 6.5%. இரண்டு வாரத்தில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட்டின் கூட்டம். வட்டியைக் குறைப்பார்கள் என்று செய்திகள் சொல்கின்றன. லோன் ஆபீசர் இன்றே லாக் செய்யச் சொல்கிறார், அதாவது இன்றைய வட்டியை க்ளோசிங் வரை மாறாமல் பிடித்து வைக்கச் சொல்கிறார்; கூட வேலை பார்க்கும் நண்பர் பொறுத்திருக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

லாக் செய்துவிடுங்கள். இந்த வாரமே, ஃபெட் கூட்டத்துக்கு முன்னாலேயே. நான் பல வருடம் ஒரு கடன் நிறுவனத்தில் ப்ராசஸிங் பக்கம் இருந்தவன். வட்டி அடுத்து எங்கே போகும் என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் உங்கள் நிலைமையில் காத்திருந்தால் கிடைக்கக்கூடியது கொஞ்சம், கைவிட்டுப் போகக்கூடியது அதிகம். அதை மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும். ஏன் என்று விளக்குகிறேன்.

முதலில் அந்த நண்பர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். ஃபெட் வட்டியைக் குறைத்தால் வீட்டுக் கடன் வட்டியும் குறையும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2024 செப்டம்பர் 18 அன்று ஃபெட் ஒரே தடவையில் 0.5 சதவீதப் புள்ளி குறைத்தது. அடுத்த வாரம், வீட்டுக் கடன்களை வாங்கிப் பத்திரமாக்கும் ஃப்ரெடி மேக் நிறுவனம் வெளியிட்ட வாராந்திரச் சராசரி, 30 வருடக் கடனுக்கு, 6.08%. அந்த நாட்களில் எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு: இன்னும் இரண்டு கூட்டம் இருக்கிறது, வருடக் கடைசிக்குள் 5-ல் தொடங்கும் வட்டி வந்துவிடும். ஃபெட் நவம்பரில் 0.25, டிசம்பரில் 0.25 என்று மேலும் குறைக்கத்தான் செய்தது. ஆனால் வீட்டுக் கடன் வட்டி எதிர்த்திசையில் போனது. 2025 ஜனவரி நடுவில் அதே ஃப்ரெடி மேக் சராசரி 7.04%. நான்கு மாதத்தில் ஃபெட் ஒரு முழுப் புள்ளி இறக்கியது, வீட்டுக் கடன் கிட்டத்தட்ட ஒரு புள்ளி ஏறியது. ஃபெட்டின் குறைப்பை நம்பிக் காத்திருந்தவர்கள் அதைச் சரியாகவே கணித்திருந்தார்கள், இருந்தும் நஷ்டப்பட்டார்கள்.

காரணம் இதுதான். ஃபெட் நிர்ணயிப்பது வங்கிகள் ஒன்றுக்கொன்று ஒரு இரவுக்குக் கொடுத்து வாங்கும் பணத்தின் வட்டியை. உங்கள் கடனோ 30 வருடத்துக்கு. அதை உங்களுக்குக் கொடுக்கும் நிறுவனம் பெரும்பாலும் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. ஆயிரக்கணக்கான கடன்கள் ஒன்றாகக் கட்டப்பட்டு, ஃபேன்னி மே, ஃப்ரெடி மேக், ஜின்னி மே போன்றவற்றின் உத்தரவாதத்தோடு பத்திரங்களாக விற்கப்படுகின்றன. அந்தப் பத்திரத்தை வாங்கும் முதலீட்டாளர் அதை அமெரிக்க அரசின் 10 வருடப் பத்திரத்தோடு ஒப்பிட்டுத்தான் விலை சொல்கிறார். 30 வருடக் கடனுக்கு ஏன் 10 வருடப் பத்திரம் என்று கேட்பீர்கள். மக்கள் வீட்டை விற்கிறார்கள், புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்கிறார்கள் (ரீஃபைனான்ஸ்). பெரும்பாலான கடன்கள் 30 வருடம் முழுக்க ஓடுவதே இல்லை. அதனால் அதுதான் பக்கத்தில் வரும் ஒப்பீடு. பணவீக்கம் எங்கே போகும், வேலைவாய்ப்பு எப்படி இருக்கும், அரசு எவ்வளவு கடன் வாங்கும் என்பதையெல்லாம் பார்த்து அந்த 10 வருட வருமான விகிதம் அசைகிறது. 2024 செப்டம்பரில் 3.6% பக்கத்தில் இருந்தது, ஜனவரியில் 4.8% பக்கத்துக்குப் போனது. வீட்டுக் கடன் அதன் பின்னாலேயே ஏறியது.

இன்னொன்றும் உண்டு. எல்லாச் செய்தியும் குறைப்பு வரும் என்று சொன்னால், பத்திரச் சந்தையில் இருப்பவர்களும் அதே செய்தியைப் படித்திருக்கிறார்கள். வரப்போகும் குறைப்பு இன்றைய 6.5%-க்குள்ளேயே இருக்கிறது. கூட்டத்தன்று மதியம் 2 மணிக்கு அறிக்கை வரும்போது சந்தை பார்ப்பது குறைப்பை மட்டும் இல்லை. அடுத்த வருடத்துக்கு அவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள், அரை மணி நேரம் கழித்துத் தலைவர் பேட்டியில் என்ன தொனியில் பேசுகிறார் என்பதைத்தான். குறைப்பையும் அறிவித்து, "இனி அவசரப்பட மாட்டோம்" என்ற பொருளில் ஒரு வாக்கியமும் வந்துவிட்டால், அன்றைக்கே வீட்டுக் கடன் வட்டி ஏறும். 2024 டிசம்பர் கூட்டத்தில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது.

உண்மையில் உங்கள் வட்டியை அசைக்கும் நாட்கள் வேறு. மாத நடுவில் வரும் நுகர்வோர் விலைக் குறியீடு, பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வரும் வேலைவாய்ப்பு அறிக்கை. இரண்டுமே கிழக்குக் கரை நேரம் காலை 8:30-க்கு வெளிவரும். அந்தக் காலைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. எண் வந்த சில நொடியில் பத்திர விலை அசைந்துவிடும். பத்து, பதினொரு மணி வாக்கில் அன்றைய வட்டிப் பட்டியலான ரேட் ஷீட் வரும். சந்தை மோசமானால் மதியம் ஒரு மின்னஞ்சல்: இன்னும் 15 நிமிடத்தில் விலை மாறுகிறது, லாக் செய்ய வேண்டியவர்கள் அதற்குள் செய்துகொள்ளவும். உடனே ஆளுக்கொரு தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர்களைக் கூப்பிட ஆரம்பிப்போம். பாதிப் பேர் மீட்டிங்கில் இருப்பார்கள், எடுக்க மாட்டார்கள். சந்தை நல்ல பக்கம் அசைந்தால் இந்த அவசரம் இருக்காது. விலையைக் குறைத்துக் காட்டும் ஷீட் நிதானமாக, பல நேரம் அடுத்த நாள்தான் வரும். ஏற்றம் உடனே உங்கள் கைக்கு வரும், இறக்கம் தயங்கித் தயங்கி வரும். காத்திருப்பவர் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காத்திருந்து ஜெயித்தவர்களே இல்லை என்று சொல்ல மாட்டேன், அது பொய். 2022 நவம்பர் 10 காலை, விலைக் குறியீடு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக 7.7% என வந்தது. ஃப்ரெடி மேக் சராசரி 7.08%-லிருந்து ஒரே வாரத்தில் 6.61%-க்கு விழுந்தது. அந்த வாரத்தில் லாக் செய்யாமல் இருந்தவருக்கு யோகம்தான். ஆனால் அதே வருடம் ஜனவரி முதல் வாரத்தில் சராசரி 3.22%. அந்தப் பத்து மாதமும், இறங்கும் இறங்கும் என்று காத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை. 2025 ஏப்ரலும் இப்படித்தான். ஏப்ரல் 2 அன்று இறக்குமதி வரிகள் அறிவிக்கப்பட்டதும் 10 வருட வருமானம் 4%-க்குக் கீழே போனது. இனி விழுந்துகொண்டே இருக்கும் என்று தோன்றிய நேரம். அடுத்த வாரக் கடைசியில் அது 4.5% பக்கத்தில் நின்றது. இறங்கியபோது லாக் செய்யக் கிடைத்த நேரம் இரண்டு மூன்று நாள்தான்.

சரி, இப்போது உங்கள் 4 லட்சத்துக்கு வருவோம். வரி, காப்பீடு சேர்க்காமல், 6.5%-க்கு மாதத் தவணை 2,528 டாலர். காத்திருந்து 6.375% கிடைத்தால் 2,495. மிச்சம் 33 டாலர். நல்ல அதிர்ஷ்டம் இருந்து 6.25% கிடைத்தால் 2,463, மிச்சம் 65. மறுபக்கம், 7%-க்குப் போய்விட்டால் 2,661. மாதம் 133 டாலர் கூடுதல், வருடத்துக்குக் கிட்டத்தட்ட 1,600. இரண்டு வாரத்தில் அரைப் புள்ளி இறங்குவதும் அரிது, ஏறுவதும் அரிதுதான். ஆனால் இரண்டுக்கும் பின்விளைவு ஒன்றில்லை. லாக் செய்தபின் வட்டி நன்றாக இறங்கினால், ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்துச் சில ஆயிரம் டாலர் செலவழித்து ரீஃபைனான்ஸ் செய்துகொள்ளலாம். லாக் செய்யாமல் விட்டு ஏறிவிட்டால், அந்த வட்டியோடுதான் வீட்டுக்குள் போக வேண்டும். வட்டி எப்போது இறங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

தவணையைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. முதல் வீடு வாங்குபவர்கள் பலர் வருமானத்துக்குத் தாங்கக்கூடிய கடனின் விளிம்பில்தான் நிற்கிறார்கள். 6.5%-ல் அனுமதி கிடைக்கும் கடன் 7%-ல் கிடைக்காமல் போகலாம். கடன் கிடைக்காமல் போனால் முன்பணமாகக் கட்டிய தொகைக்கே ஆபத்து வரலாம். அது உங்கள் ஒப்பந்தத்தில் கடன் குறித்த பாதுகாப்பு விதி இருக்கிறதா, அதன் கெடு எந்தத் தேதி என்பதைப் பொறுத்தது. 2022-ல் எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு தம்பதியின் கோப்பு என் மேஜையில் இருந்தது. ஒப்பந்தம் போட்ட நாளில் எல்லாம் சரியாக இருந்தது, வட்டி கொஞ்சம் இறங்கட்டும் என்று ஐந்து வாரம் விட்டார்கள். கடைசியில் அப்பாவிடம் பணம் வாங்கி டவுன் பேமெண்டை உயர்த்திய பிறகுதான் கடன் தேறியது. அந்த மனைவியின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் இதைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் நடுநிலையாகப் பேசுவதில்லை.

லோன் ஆபீசர் தன் லாபத்துக்காக அவசரப்படுத்துகிறாரோ என்ற சந்தேகம் நியாயமானது. அவருக்குப் பணம் வருவது க்ளோசிங் முடிந்தால்தான், லாக் செய்ததற்காக இல்லை. ஆனால் லாக் செய்துவிட்டால் நீங்கள் வேறு இடத்தில் விலை கேட்கப் போக மாட்டீர்கள், அது அவருக்கு வசதி. எனவே லாக்குக்கு முன்னால் விலை கேட்டு முடித்துவிடுங்கள். மூன்று இடங்களில், ஒரே நாளில், ஒரே கடன் தொகைக்கு லோன் எஸ்டிமேட் (வட்டியும் செலவுகளும் எழுதிய படிவம்) வாங்குங்கள். திங்கட்கிழமை விலையையும் வியாழக்கிழமை விலையையும் வைத்து ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது சந்தையை, நிறுவனங்களை இல்லை. 45 நாளுக்குள் எத்தனை வீட்டுக் கடன் நிறுவனங்கள் உங்கள் கிரெடிட்டை, அதாவது கடன் வரலாற்றை, பார்த்தாலும் அது ஒரே விசாரணையாகத்தான் எண்ணப்படும், ஸ்கோர் குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு நிறுவனங்கள் கால் புள்ளி வித்தியாசத்தில் விலை சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஃபெட்டுக்காக இரண்டு வாரம் காத்திருந்து கிடைத்தாலும் கிடைக்கலாம் என்கிற அதே கால் புள்ளி, ஒரு மதிய நேரம் செலவழித்தால் கையில்.

விலை கேட்கும்போது வட்டியை மட்டும் கேட்காதீர்கள். பாயின்ட் எத்தனை என்று சேர்த்துக் கேளுங்கள். வட்டியைக் குறைக்க முன்கூட்டியே கட்டும் பணம்தான் பாயின்ட்; ஒரு பாயின்ட் என்பது கடன் தொகையில் 1%, உங்களுக்கு 4,000 டாலர். பாயின்ட் இல்லாத 6.5%-ம் ஒரு பாயின்ட் கட்டின 6.5%-ம் ஒன்றில்லை. வட்டி இறங்கினால் ரீஃபைனான்ஸ் செய்யலாம் என்று நினைப்பவர் பாயின்ட்டுக்குப் பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை; கட்டின பணம் பலன் தருவதற்குள் கடனையே மாற்றிவிடுவார்.

எத்தனை நாளுக்கு லாக் செய்வது என்பதில்தான் ஆட்கள் அதிகம் தவறு செய்கிறார்கள். 30, 45, 60 நாள் என்று இருக்கும். நாள் கூடக் கூட விலையும் கொஞ்சம் கூடும். உங்களுக்கு 38 நாள் என்றால் 45 நாள் எடுங்கள். ஒரு வாரம் பொறுத்து 30 நாள் லாக் எடுத்தால் மலிவு என்று கணக்குப் போடாதீர்கள். என் சொந்த வீட்டுக்கு நான் அப்படித்தான் செய்தேன். லாக் முடிவது வெள்ளிக்கிழமை, க்ளோசிங் வியாழக்கிழமை. விற்பவர் பக்கத்தில் பழைய கடன் ஒன்று அடைக்கப்பட்டதற்கான தாள் வந்துசேரவில்லை, க்ளோசிங் அடுத்த புதனுக்குத் தள்ளிப்போனது. ஏழு நாள் நீட்டிப்புக்கு 400 டாலர். தவறு என் பக்கம் இல்லை, பணம் என்னுடையது. நீட்டிக்காமல் லாக் காலாவதியாக விட்டிருந்தால் இன்னும் மோசம். பெரும்பாலான நிறுவனங்களில் அதன் பிறகு பழைய வட்டி, அன்றைய வட்டி இரண்டில் எது அதிகமோ அதுதான் கிடைக்கும். தாமதம் யாரால் வந்தால் நீட்டிப்புச் செலவு யாருக்கு என்பதை லாக் செய்யும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் தாமதம் என்றால் தாங்களே ஏற்பதாகச் சிலர் எழுதித் தருவார்கள்.

லாக் செய்தபின் வட்டி இறங்கினால் என்ன செய்வது? லாக்கை விடாமலே குறைந்த வட்டிக்கு மாறிக்கொள்ள ஃப்ளோட் டவுன் என்ற வசதி இருக்கிறது. சில இடங்களில் இலவசம், சில இடங்களில் காசு. சந்தை பெரும்பாலும் கால் புள்ளியாவது இறங்கியிருக்க வேண்டும், ஒரே ஒரு தடவைதான், க்ளோசிங்குக்கு இத்தனை நாள் முன்பு வரைதான் என்று நிபந்தனைகள் இருக்கும். இலவசமாக இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். பணம் கேட்டால், உங்கள் 38 நாளுக்கு அது பெரும்பாலும் வேண்டாம். சும்மா கேட்டால் குறைத்துத் தர மாட்டார்களா என்றால், ஏன் தயங்குகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் லாக் செய்த அன்றே அந்த நிறுவனம் உங்கள் கடன் அடங்கிய பத்திரத்தை, பிறகு ஒரு தேதியில் ஒப்படைப்பதாகச் சொல்லி, இன்றைய விலைக்கு விற்று வைக்கிறது. வட்டி ஏறினாலும் அதற்கு நஷ்டம் வராதிருக்க அந்த ஏற்பாடு. உங்களுக்கு மட்டும் விலையை மாற்றினால் அந்த வித்தியாசம் அதன் கையை விட்டுப் போகும். ஆனாலும் அரைப் புள்ளி போல நிறைய இறங்கினால் கேட்டுப் பாருங்கள். வாடிக்கையாளரே கையைவிட்டுப் போவதைவிட இது மேல் என்று இறங்கி வருவார்கள்.

லாக் ஆனபின் அது உடையக்கூடிய பொருள் என்பதும் தெரிந்திருக்கட்டும். லாக் என்பது இந்த வீடு, இந்தக் கடன் தொகை, இந்தக் கிரெடிட் ஸ்கோர், இந்த டவுன் பேமெண்ட் என்பதற்கான விலை. அப்ரைசல், அதாவது வீட்டின் மதிப்பீடு, குறைவாக வந்து வீட்டு மதிப்பில் கடனின் பங்கு மாறினால் விலையும் மாறும். புதுக் கடன் வாங்கினால் ஸ்கோரும் மாறலாம். அதனால் புது வீட்டுக்குச் சோபாவும் குளிர்பதனப் பெட்டியும் தவணையில் வாங்குவதை, கார் மாற்றுவதை, சாவி கைக்கு வரும் வரை தள்ளிப்போடுங்கள்.

காத்திருப்பது சரியாக இருக்கும் ஆட்களும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் கடனை ரீஃபைனான்ஸ் செய்பவருக்குக் கெடு கிடையாது; அவர் தனக்கு வேண்டிய வட்டியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அது வரும் நாளில் லாக் செய்யலாம், வராவிட்டால் பழைய கடனே ஓடும். அவர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: குடியிருக்கும் வீட்டின் ரீஃபைனான்ஸில் கையெழுத்துப் போட்டபின் மூன்று வேலை நாள் ரத்து செய்யும் உரிமை இருக்கிறது, பணம் அதற்கப்புறம்தான் கைமாறும், லாக் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். புதிதாகக் கட்டப்படும் வீட்டுக்காக எட்டு மாதம் காத்திருப்பவருக்கு நீண்ட கால லாக் முன்பணம் கேட்கும், அவர் கணக்கு தனி. தவணை 300 டாலர் ஏறினாலும் கவலைப்படாத வருமானம் உள்ளவர் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். அப்படிப் பொறுப்பவர்களும் இரண்டு எண் எழுதி வைக்க வேண்டும்: இவ்வளவு இறங்கினால் லாக், இவ்வளவு ஏறினாலும் லாக். இரண்டாவது எண்ணை எழுத யாருக்கும் மனம் வருவதில்லை. எழுதாதவர்கள்தான் 6.5%-க்கு வேண்டாம் என்று விட்டதை 6.875%-க்கு வாங்குகிறார்கள்.

உங்களுக்கு 38 நாள்தான் இருக்கிறது, இது முதல் வீடு. நாளைக் காலை மூன்று விலையும் வாங்கி, நல்லதாக ஒன்றைப் பிடித்து, 45 நாள் லாக், பாயின்ட் இல்லாமல், என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். வாய்ப்பேச்சில் "லாக் ஆகிவிட்டது" என்பதை ஏற்காதீர்கள். லாக் ஆன மூன்று வேலை நாளுக்குள் திருத்தப்பட்ட லோன் எஸ்டிமேட் வர வேண்டும், அது சட்டம். அதன் முதல் பக்கத்தில், வலது பக்கம் மேலே, ரேட் லாக் என்ற ஒரு வரியில் இரண்டு சின்னக் கட்டங்கள் இருக்கும். "இல்லை" என்பதில் இருந்த குறி "ஆம்" என்பதற்கு மாறியிருக்கிறதா, பக்கத்தில் எந்தத் தேதி வரை, எத்தனை மணி வரை, எந்த நேர மண்டலம் என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். தேதி சரியாக இருந்தால், அடுத்து லோன் ஆபீசரிடம் கேட்க வேண்டியது வட்டியைப் பற்றி இல்லை, அப்ரைசல் எந்த நாள் என்பதுதான். 45 நாள் ஓடத் தொடங்கிவிட்டது.